கராமித்ரோஸ் வீட்டு அலமாரி

ஸ்மராக்தா: மெதுவா, அண்ணி... அது அண்ணனோட தாடை. இன்னும் கொஞ்சம் ஒயின் ஊத்திக் கழுவுங்க.

எவன்தியா: எலும்பெல்லாம் மஞ்சளா வந்திருக்கு பாரு, அப்படி வந்தா ஆத்மா சாந்தியடைஞ்சதுன்னு சொல்வாங்களே. நிம்மதியாத்தான் இருக்கார் உங்கண்ணன்.

ஸ்மராக்தா: மூணு வருஷம் மண்ணுல கிடந்து, வழக்கப்படி இன்னைக்குத் தோண்டி எடுத்தும் தாடை பேசுற மாதிரியே இருக்கே!

எவன்தியா: பின்ன? மீன் வாங்கப் போனாக்கூட உங்க முப்பாட்டன் கேப்டன் லூக்காஸ் கராமித்ரோஸ் கதைதான். துருக்கிக்காரன் கையில சிக்கக் கூடாதுன்னு சொந்தக் கப்பலையே கொளுத்தினவர்னு...

ஸ்மராக்தா: அதுக்குள்ள மீன் நாறிடும்.

எவன்தியா: அப்புறம், பிளேக் வந்தப்பவும் ஊரை விட்டு ஓடாத, அதே வம்சத்து டாக்டர் அர்செனியோஸ்...

ஸ்மராக்தா: ரெண்டு பேர் எலும்புப் பெட்டியும் அதோ, நம்ம குடும்ப அலமாரியிலதான். பக்கத்துலயே அண்ணனுக்கு இடம் துடைச்சு வச்சுட்டேன். பெட்டியில பேரை எழுதுங்க, பாதிரியார் வந்துடுவார்.

எவன்தியா: எழுதிட்டேன்.

ஸ்மராக்தா: என்னது... வெறும் நெக்தாரியோஸா? குடும்பப் பேர் எங்க?

எவன்தியா: பெட்டி சின்னது...

ஸ்மராக்தா: அண்ணி! எங்கிட்டயேவா?

எவன்தியா: இவரை ஊர்ப் பொது எலும்புக் கிடங்குல வச்சுடலாம், ஸ்மராக்தா.

ஸ்மராக்தா: பைத்தியமா உங்களுக்கு? அவன் உயிரே அந்தப் பேர்லதான் இருந்துச்சு!

எவன்தியா: அதான் பயமா இருக்கு. சாகுறப்ப சொன்னார்... துருக்கிப் பக்கம் ஸ்மிர்னா நகரம் எரிஞ்சப்ப அகதிக் கப்பல்ல தனியா வந்த பையனாம். உங்கப்பா கூட்டிட்டு வந்து வளர்த்தாராம். "நான் கராமித்ரோஸ் இல்ல. என்னை அவங்க பக்கத்துல வச்சா துரத்திடுவாங்க"ன்னு அழுதார்.

ஸ்மராக்தா: அவனே சொன்னானா?

எவன்தியா: உன் ரத்தம், உன் பேர். நீ வேணாம்னா வேணாம். திட்டணும்னாலும் திட்டு.

ஸ்மராக்தா: அந்தத் தூரிகையைக் கொடுங்க. நான் எழுதுறேன்.

எவன்தியா: உனக்கு... தெரியுமா?

ஸ்மராக்தா: அப்ப நாங்க பிரேயஸ் துறைமுகத்துல இருந்தோம். எனக்கு ஆறு வயசு. காய்ச்சல்ல எங்க சொந்த அண்ணன் செத்து, அம்மா அன்னம் தண்ணி இல்லாம கிடந்தாங்க. அப்பா இவனைக் கொண்டாந்து நிறுத்தினார். அம்மா இவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துட்டு, இவனுக்கு ரொட்டி வெட்ட எழுந்திரிச்சாங்க.

எவன்தியா: ஒரு நாள்கூட நீ அவர்கிட்ட...

ஸ்மராக்தா: எனக்கு ஞாபகம் இருக்குன்னு தெரிஞ்சா வீட்டை விட்டுப் போயிடுவானோன்னு வாயே திறக்கலை. மேல் தட்டு மூலையில பாருங்க... பேர் எழுதாம ஒரு குட்டிப் பெட்டி. அதுதான் முதல் நெக்தாரியோஸ். பேரை இவனுக்குக் கொடுத்துட்டோம்னு அப்பா அதுல எதுவுமே எழுதலை. அதை இறக்குங்க அண்ணி, ரெண்டு பேரையும் ஒட்டி வைப்போம்.