மஞ்சள் பட்டன்

அந்த மஞ்ச பட்டன அமுக்கி ஒண்ணும் ஆகப் போறதில்லம்மா. அது செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. புது பேட்டரி வேணும்னு போன ஃபைல் இன்னும் எங்கயோ தூங்குது. கதவத் தட்டியும் பிரயோஜனம் இல்ல. லிஃப்ட் அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல நிக்குது. ரெண்டு மாடியிலயும் ஆளு கெடையாது, பஸ் ஓடலன்னு பாதி பேரு ஆபீசுக்கே வர்றதில்ல. உக்காருங்க, எவ்ளோ நேரம்தான் நிப்பீங்க. ஆறு மணிக்குக் கரண்ட் வந்துரும்.

ஆமா, படியில போங்கன்னு சொன்னேன்தான். நீங்க எங்க கேட்டீங்க? கதவு மூடுற நேரத்துல கைய உள்ள விட்டுட்டீங்க. எனக்கு உயிரே போயிருச்சு.

ஃபோன் லைட்ட அணைக்கச் சொல்லல. இருட்டுன்னா பயம்னீங்களே, எரியட்டும். கதவுப் பக்கம் காட்டாதீங்க, அவ்ளோதான். இடுக்கு வழியா வெளிச்சம் போகுது, வீணா. லிஃப்டுக்குள்ள சிக்னல்தான் வராது. சார்ஜ் எவ்ளோ இருக்கு? பதினாலா? போதும்மா.

நானா? நான் பயப்படுறது லிஃப்டுக்காக இல்லம்மா. இந்தக் கவர் கையில வந்ததுலேந்து இப்படித்தான், பத்து தடவ தொட்டுப் பாத்துட்டேன்.

நான் கடன் பிரிவுல சூப்பிரண்டு. மூணாவது மாடி, இருபத்திரெண்டு வருஷமா. உங்க கடன் என் கடன் இல்ல, நாட்டோட கடன். வெளிநாட்டுல யாருகிட்ட எவ்ளோ வாங்கினோம், என்னைக்குத் தவணை, வட்டி என்ன, எல்லாம் எழுதி வைக்கிற ஆளு. என் சம்சாரம் கேலி பண்ணுவா, நம்ம வீட்டுக் கடனையே ஒழுங்காக் கட்டத் தெரியல, இவரு நாட்டுக் கடனப் பாக்குறாராம்னு.

உங்கம்மா பென்ஷன் நின்னு எத்தன மாசம் ஆச்சு? மூணா? ஒம்பதாவது மாடிக்குப் போய்க் கேட்டா என்ன சொல்லுவாங்க தெரியுமா, அடுத்த மாசம்பாங்க. அவங்க மேல கோவப்படாதீங்க. பொட்டி காலி. எனக்குத் தெரியும்.

எப்படி ஆச்சுன்னா, ஒரே நாள்ல ஆகலம்மா. மொதல்ல ரோடு போடத்தான் வாங்கினோம். ரோடு வந்தா வண்டி ஓடும், வியாபாரம் நடக்கும், வரி வரும், அதுலேந்து கட்டிரலாம்னு. நல்ல கடன்தான், தப்பே சொல்ல முடியாது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு விழா நடக்கும். கடன் குடுக்குறவங்க கோட்டுப் போட்டுக்கிட்டு வருவாங்க, வெல்வெட் பொட்டியில பேனா குடுப்பாங்க. மிச்சம் விழுற பேனாவ நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேன். முப்பத்தேழு பேனா சேர்ந்துச்சுன்னா பாத்துக்கோங்க. என் பொண்ணு பள்ளிக்கூடப் பரீட்சையெல்லாம் அதுலதான் எழுதினா. போன வருஷம் விசா ஃபாரத்தையும் அதே பேனாவுலதான் பூர்த்தி பண்ணிட்டுப் போயிட்டா. இங்க என்னப்பா இருக்குன்னு கேட்டா.

அப்புறம் ஒரு துறைமுகம் கட்டினோம், கப்பலே வராத எடத்துல. அப்புறம் தேர்தல் வந்துச்சு, வரியப் பாதியாக் குறைச்சாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நானும்தான் தட்டினேன், ஏன் பொய் சொல்லணும், அந்த மாசம் சம்பளம் ரெண்டாயிரம் கூட வந்துச்சு. ஆனா வரவு கொறைஞ்சுது, செலவு கொறையல. துண்டு விழுந்ததுக்கும் கடன். முன்னாடி இருபது வருஷத் தவணைக்குக் குடுத்தவன், இப்ப ஒரு வருஷத்துக்குத்தான் தருவேன், வட்டியும் ரெண்டு மடங்குன்னான். அதையும் வாங்கினோம். எதுக்கு? பழைய கடனுக்கு வட்டி கட்ட.

அந்த வருஷம்தான் எனக்கு மொத மொதல்ல பயம் வந்துச்சு. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. வர்ற வரியில நூத்துக்கு அறுபது ரூபா வட்டிக்கே போகுதுன்னு ஒரு குறிப்பு எழுதி மேல அனுப்பினேன். பச்சை மையில, பார்த்தேன், அப்படின்னு ஒரே ஒரு வார்த்தை எழுதித் திருப்பி அனுப்பிட்டாங்க.

நோட்டு அச்சடிச்சாங்களேம்மா, அதுவும் செஞ்சு பாத்தாச்சு. போன வருஷம் ஒரு சோப்பு என்ன வெல வாங்கினீங்க? இப்ப என்ன வெல? அவ்ளோதான் அச்சடிச்ச காசோட மரியாதை. வெளிநாட்டுக்காரனுக்கு டாலர் குடுக்கணும். அத நம்மளால அச்சடிக்க முடியுமா?

இந்தக் கவர்ல என்ன இருக்குன்னா கேக்குறீங்க? இது அவசரம்னுதான் கீழ உங்களப் படியில போகச் சொன்னேன்னு நெனச்சீங்களா? இது பணம் அனுப்புற உத்தரவும்மா. போன மாசமே கட்ட வேண்டிய வட்டி. முப்பது நாள் கெடு குடுத்தாங்க, கெடு இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுது. மூணு பெரியவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஒம்பதாவது மாடியில ஒரு ரூம் இருக்கு, அதுக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓடுது. இந்தத் தாள் கையில வந்தாத்தான் அங்க பணம் அனுப்புவாங்க. நகல் ஆகாது, ஃபோன்ல சொன்னாலும் ஆகாது. பியூன் வரல, அதனால நானே கொண்டு வந்தேன்.

அஞ்சு மணிக்குள்ள போகலன்னா, இந்த நாடு கடன் கட்ட முடியாத நாடுன்னு உலகமே எழுதிரும். அப்புறம் நம்மள நம்பி ஒருத்தன் ஒரு மூட்டை மாவு அனுப்ப மாட்டான். பேங்க் வாசல்ல ஜனம் நிக்கும். அது எப்படி இருக்கும்னு முழுசாத் தெரிஞ்ச பத்து பேருல நானும் ஒருத்தன். நான் ஏன் பயப்படுறேன்னு இப்பப் புரியுதா?

கத்தாதீங்கம்மா. கத்தாதீங்க, தயவு செஞ்சு. ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க.

நேத்து என் மேஜையில ரெண்டு தாள் இருந்துச்சு. ஒண்ணு இது. இன்னொண்ணு ஒரு கப்பலுக்கு. பதினோரு நாளா துறைமுகத்துக்கு வெளிய நிக்குது, டாலரக் கண்ணுல காட்டினாத்தான் சரக்க எறக்குவேங்குறான். பூரா மருந்து. கையில இருக்கிற டாலர் ஒரு தாளுக்குத்தான் பத்தும். பெரியவங்க மூணு மணி நேரம் சண்டை போட்டாங்க, நான் தண்ணி கொண்டு போய் வெச்சேன். கடைசியில வட்டிதான்னு முடிவாச்சு. அவங்க ஒண்ணும் முட்டாள் இல்ல. பேரு கெட்டுப் போனா அடுத்த கப்பலே வராதுங்கிறாங்க. அதுவும் நியாயந்தான்.

இன்சுலினா? இருக்கும்மா. கப்பல் சரக்குப் பட்டியல்ல மூணாவது வரி. ஏன், அம்மாவுக்கா? எத்தன நாளைக்கு இருக்கு? நாலு நாளைக்கா.

என் சம்சாரத்துக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு தடவ பண்ணினாங்க, அப்புறம் ரெண்டு, போன வாரம் ஒரே ஒரு தடவ, அதுவும் ரெண்டு மணி நேரம். காலு வீங்கி அவ செருப்பு அவளுக்கே நுழையல, என் செருப்பப் போட்டுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தா. வியாழக்கிழமைக்கு மேல ஃபில்டர் இல்லன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. ஃபில்டர் அந்தப் பட்டியல்ல ஏழாவது வரி. கண்ண மூடினா அந்தத் தாள்தான் தெரியுது. அவளுக்காகன்னு மட்டும் நெனச்சுராதீங்க. இல்ல, ஏன் மழுப்பணும், அவளுக்காகத்தான்.

மணி என்ன? நாலு அம்பத்தொண்ணா.

கோவிச்சுக்காதீங்கம்மா. கீழ லிஃப்ட் கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்கே பாத்தீங்களா, கரண்ட் கட் நாலுலேந்து ஆறுன்னு. காலையில பசை தடவி அத ஒட்டினது நான். தெரிஞ்சேதான் மூணாவது மாடியிலேந்து கீழ எறங்கி, நாலு ஆக அரை நிமிஷம் இருக்கும்போது உள்ள ஏறினேன். நீங்க ஓடி வருவீங்கன்னு சத்தியமா நெனைக்கல.

அந்த மஞ்ச பட்டன் வேலை செய்யும்மா. போன மாசம்தான் பேட்டரி மாத்தினாங்க.

அமுக்கினா வாட்ச்மேன் சாவியோட ரெண்டு நிமிஷத்துல வந்துருவாரு. நேரம் இருக்கு. நான் உங்க கையப் பிடிக்க மாட்டேன். இந்தப் பணம் மிஞ்சினா கப்பலுக்குத்தான் குடுப்பாங்களான்னு கேட்டா, அதுவும் எனக்கு நிச்சயமாத் தெரியாது. நாளைக்கு ஊரே என்னைக் கல்லால அடிக்கலாம், அதுல நியாயமும் இருக்கலாம். பயமா இருக்கும்மா. இந்த வயசுல இப்படி ஒரு பயம்.

சத்தம் கேக்குதா? படியில யாரோ ஓடி வர்றாங்க. சூப்பிரண்டு, சூப்பிரண்டுன்னு கூப்புடுறாங்க. எங்க ஆபீசர் குரல்தான். தேட ஆரம்பிச்சுட்டாங்க போல. கிட்ட வந்துட்டாரு, பட்டனே வேண்டாம், நீங்க ஒரு தட்டுத் தட்டினாலே கேட்டுரும், இடுக்குல இந்த வெளிச்சம் தெரிஞ்சாலே போதும்.

ஏம்மா, இருட்டுன்னா பயம்னீங்களே. லைட்ட ஏன் அணைக்கிறீங்க?