வெள்ளித்தாள் சுற்றிய செல்போன்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் சொர்ணலட்சுமி அம்மையார் அவர்களே, அச்சங்குளத்தின் பெரியோர்களே, பகலெல்லாம் பட்டாசுக்குத் திரி வைத்துவிட்டு மாலையில் என் பேச்சுக்குச் செவி வைக்க வந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் செல்போனுக்குள் குடியிருக்கும் இளைஞர்களே, வணக்கம். இயற்பியல் டீச்சர் ஸ்ரீமதி மேடையேறினால் பாடம்தான் நடத்துவாள் என்று பயப்படாதீக. இன்று காதல் கதை.

கதாநாயகி பொன்மணி. மூன்றாவது வரிசையில் முந்தானையால் முகத்தை மூடுகிறாரே, அவர்தான், அனுமதி வாங்கியாயிற்று. கதாநாயகன் அவர் கணவர் சங்கிலிமுத்து, பட்டாசு லோடு ஏற்றி வடக்கே போகும் லாரி டிரைவர். தீபாவளி சீசனில் இருவரையும் சேர்த்து வைப்பது எது? பஞ்சணையா? பௌர்ணமியா? செல்போன். பொறி பறக்கக் கூடாதென்று காலையில் பட்டாசுக் கம்பெனி வாசலில் ஒப்படைத்த போன் மாலையில் கைக்கு வந்தால், உலை கொதிக்கும் வரை காதை விட்டு இறங்காது.

போனின் கதிர் மண்டையைப் பொசுக்கும் என்று யாரோ சொன்னார்கள். பொன்மணி என்ன செய்தார்? பட்டாசுக்குச் சுற்றும் வெள்ளித்தாளைப் போனுக்குச் சுற்றினார். சிரிக்காதீக, தாள் கதிரைத் தடுக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கதிரில்தானே பேச்சும் போகிறது? டவருக்குக் கேட்காவிட்டால் போன் என்ன செய்யும்? இரைச்சலான மெஷின் ரூமில் நாம் செய்வதைத்தான்: இன்னும் உரக்கக் கத்தும். கத்தக் கத்தச் சுட்டது. சுடச் சுட இவர் இன்னொரு சுற்று சுற்றினார். கடைசியில் பேச்சே நின்றுபோனது.

வடக்கே ஒரு டீக்கடையில் சங்கிலிமுத்துவுக்கு வந்த பதில் ஒன்றே ஒன்று: தொடர்பு எல்லைக்கு அப்பால். அக்கம்பக்கத்து நம்பர் எதுவும் அவர் கையில் இல்லை. வேறு ஊரில் அது சிக்னல் இல்லை என்ற செய்தி. மனைவியைப் பட்டாசு வேலைக்கு அனுப்பிய நம் ஊர்க்காரனுக்கு? நான் சொல்ல வேண்டியதில்லை. லோடை இன்னொரு டிரைவரிடம் விட்டுவிட்டு ரயிலேறி, சாத்தூரில் இறங்கி, வீட்டு வாசலில் வந்து நின்றார். பொன்மணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, லோடை விட்டுட்டு இங்கன வந்து நிக்கீக?"

"நீ இருக்கியான்னு பாக்க வந்தேன்."

சொல்லிவிட்டுச் சங்கிலிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் தாளும் போனுமாக இருவரும் என்னிடம் வந்தார்கள். நான் சொன்னது இதுதான். போனைக் காதோடு ஒட்டினால், அலையில் ஒரு பங்கைத் தலை உறிஞ்சும். உறிஞ்சியது லேசான சூடாகும். மண்டை பொசுங்காது, அதற்கு வரம்பு கட்டித்தான் போனை விற்கிறார்கள். அதையும் குறைக்க வேண்டுமா? தாளைப் பிரி, தள்ளி வை. பொறுங்க, இன்னும் முடியலை, அப்புறம் கை தட்டுங்க. பற்றவைத்துவிட்டுத் தள்ளி நில் என்று நாட்டுக்கே பெட்டியில் அச்சடித்துச் சொல்பவர்கள் நாம். நம் காதுக்குச் சொல்ல மறந்தோமே.

இப்போது பொன்மணி போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துத்தான் பேசுகிறார். சங்கிலிமுத்து என்ன சாப்பிட்டார், எம்புட்டு ஏங்குகிறார் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். தெரியட்டுமே. கதிர் தலைக்குள் குறையட்டும், குரல் தடையின்றி வரட்டும். நம் ஊரில் ஒவ்வொரு மாலையும் "வீட்டுக்கு வந்துட்டேன்" என்ற ஒரு சொல்லுக்காக எங்கோ ஓர் உயிர் காத்திருக்கிறது. அந்தச் சொல்லுக்கு எந்தத் தாளையும் சுற்றாதீர்கள்.

காது கொடுத்த உங்களுக்கு நன்றி. பையில் போன் அதிர்ந்துகொண்டே இருக்கும் அந்த அண்ணனுக்கும் வணக்கம். எடுத்துப் பேசுங்க அண்ணே, கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு.