பெட்டி இருந்த கை

என் பெயரும் விலாசமும் நான் சொன்னபடி மேலே எழுதப்பட்டுள்ளன. ஆனால் தெருவில் என்னைப் பெட்டிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரருக்கே என்னைத் தெரியாது. வயது அறுபதுக்கு மேல். கணவர் காலமாகிவிட்டார். அவர் கட்டிய வீடு என் பெயரில் உள்ளது. அதில் நானும், என் ஒரே மகனும், அவன் மனைவியும் குடியிருந்து வருகிறோம். மகன் வேன் ஓட்டுகிறான். நானும் மருமகளும் வீட்டு முன்னறையில் துணி தேய்த்துக் கொடுக்கிறோம், கடைத்தெரு லாட்ஜின் பெட்ஷீட்டுகள் எங்களிடம்தான் வரும்.

நான் பிறவியிலேயே இடதுகைக்காரி. அதனால் எங்கள் மேசையில் இஸ்திரிப் பெட்டி வைக்கும் கல் இடப்பக்கம் இருக்கிறது. மருமகள் வந்த புதிதில் பெட்டியை எடுக்க வலப்பக்கம் கையை நீட்டி நீட்டி ஏமாந்து, "இந்த வீட்டுல எல்லாமே எனக்கு எதிர்ப்பக்கமா இருக்கு அத்தை" என்று சிரித்தாள். அன்றிலிருந்து தேய்ப்பது நான், உதறித் தண்ணீர் தெளிப்பது அவள். மடிப்பது மட்டும் இரண்டு பேரும், ஏனென்றால் பெட்ஷீட்டைத் தனி ஆளாக மடித்தால் அது மூட்டைதான் ஆகும்.

சென்ற வாரம் லாட்ஜ்காரர் மனைவி என் மருமகளைக் கூப்பிட்டு, அங்கேயே துணிப் பிரிவைப் பார்த்துக்கொள்ள வரச் சொன்னார். அவள் என்னிடம் கேட்டாள், நான் "தாராளமா போ" என்றேன். மகனிடம் கேட்டாள், அவன் பதில் சொல்லவில்லை. அவன் பேசாமல் இருந்தால் நல்லதற்கல்ல என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அவள் வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அதன் பிறகு நேற்று காலை, பெட்ஷீட் மடிக்கும்போது அவள் பக்கத்து முனை கீழே விழுந்தது. மறுபடி கொடுத்தேன், மறுபடி விழுந்தது. என்னவென்று கேட்டதற்கு, "சுளுக்கு அத்தை" என்றாள். ரவிக்கைக் கையை மேலே தள்ளிப் பார்த்தேன். "சுளுக்குக்கு அஞ்சு விரல் இருக்குமாடி?" என்று கேட்டேன். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. என் வயிறு எரிந்தது, பெற்ற வயிறுதான் எரிந்தது.

அதன் பிறகு எண்ணெய் காய்ச்சித் தடவிவிட்டு, அவளை முக்காலியில் உட்காரவைத்து, இரண்டு முனைகளை அவள் மடியில் கொடுத்து, மற்ற இரண்டையும் நான் பிடித்துக்கொண்டு போய்வந்து மடித்தேன். ஒவ்வொரு மடிப்புக்கும் குனிந்து அவள் முகத்துக்கு நேராக வர வேண்டியிருந்தது. நான்காவதோ ஐந்தாவதோ தடவை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன அத்தை, முத்தம் கொடுக்கப் போறீங்களா?" என்றாள். கொடுத்தேன். அதை எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஆனால் நடந்தது அதுதான்.

மத்தியானம் நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது மகன் வந்தான். லாட்ஜில் அவனிடம் யாரோ, மனைவிக்கு வேலை கிடைத்ததென்று வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். "நான் சரின்னு சொல்லாமலே வாக்குக் கொடுக்குற அளவுக்கு வந்துட்டியா?" என்று கத்தி, முக்காலியில் இருந்தவளை எழுப்ப அதே வலது கையைப் பிடித்தான். "விடுடா" என்றேன். விடவில்லை, முறுக்கினான். அவள் சத்தம்கூடப் போடவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன், அந்த நினைப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் கையில் இருந்த பெட்டியை அவன் மணிக்கட்டில் தெரிந்தே வைத்தேன். ஒரு காலர் தேய்க்கும் நேரம்கூட இருக்காது. "அம்மா!" என்று அலறினான். சின்ன வயதில் விழுந்தால் எப்படிக் கூப்பிடுவானோ அப்படி. பெட்டியைக் கல்லில் வைத்துவிட்டு, குழாயடிக்கு இழுத்துப்போய், அவன் கையில் நானே தண்ணீர் விட்டேன். நான் அழுதேன், அவனும் அழுதான்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் என் கொழுந்தனார் என்னைத் தனியே கூப்பிட்டு, "மருமக சுட்டான்னு சொல்லிடுங்க அண்ணி, அவ அம்மா வீட்டுக்குப் போயிடுவா, பிரச்சனை முடிஞ்சுடும். ரெண்டு கையும் தட்டினாத்தானே ஓசை வரும்?" என்றார். "கன்னத்துல விழுந்தா ஒரு கையே போதும் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்குள் மகன், அவள்தான் சுட்டாள் என்றே புகார் கொடுத்திருக்கிறான்.

இங்கே ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான், என் மருமகளும் "நான்தான் சுட்டேன்" என்று உங்களிடம் சொல்லியிருப்பது எனக்குத் தெரியவந்தது. அது பொய். இந்த வயதில் நான் உள்ளே போகக் கூடாதே என்று எனக்காகச் சொன்ன பொய். அதற்காக நீங்கள் அவளைக் கோபிக்க வேண்டாம், வீட்டில் நானே கோபித்துக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் எங்கள் பெட்டியைக் கொண்டுவந்து, அவளைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். கரி போட்ட பெட்டி. அந்தக் கையால் அவள் தண்ணீர் டம்ளரையே தூக்க மாட்டாள்.

மகன் மேல் பாசம் இல்லையா என்று கேட்டதற்கு, இருக்கிறது என்கிறேன். அவன் காயத்துக்கு மருந்து போட ஆளில்லை என்றால் நானே போய்ப் போடுவேன். ஆனால் என் வீட்டில் இனி அவனுக்கு இடமில்லை. அவளுக்கு உண்டு. சாவி அவளிடம்தான் இருக்கிறது. என்னை வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்ளுங்கள், அவளை மட்டும் பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய் விடுங்கள். கை சரியானதும் லாட்ஜ் வேலைக்குப் போகட்டும். மீதி பெட்ஷீட்டுகள் நான் வரும்வரை அப்படியே கிடக்கட்டும், தனியாக மடித்துக் கையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இதை ஏட்டம்மா எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் "தவறுதலாகப் பெட்டி பட்டுவிட்டது" என்று இருந்தது. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து எழுதியிருக்கிறார், நன்றி. அந்தச் சொல்லை அடித்து "தெரிந்தே வைத்தேன்" என்று எழுதச் சொன்னேன், எழுதினார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே சரியாக இருக்கிறது. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொல்லவில்லை. கீழே என் கையெழுத்து, இடது கையால் போட்டது.