கடைசிக் குப்பியைக் காத்த கைகளுக்கு

ஐதராபாத், தார்நாக்கா, உயிரணு ஆய்வு நிலையத்தின் வளர்ப்புக் கூடத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் தொழில்நுட்பராய்த் தொண்டாற்றி, இன்று பணிநிறைவு பெறும் திருமதி சிலுவேரு வகுளா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுருகி வாசித்தளிக்கும் மடல்

கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கண்ணெனக் காத்த காவலரே! உறைகுளிரின் உள்ளே உயிர்வெப்பம் ஒளிந்திருப்பதை உணர்ந்தவரே! குறியீட்டு எண்களின் பின்னே குழந்தைகளின் முகங்களைக் கண்ட குணக்குன்றே! எங்கள் அன்பிற்குரிய வகுளா அம்மையாரே, வணக்கம்!

பழுதில்லாப் பணிவாழ்வைப் படம்பிடித்துக் காட்டுவதே இத்தகைய மடல்களின் வழக்கம். அவ்வழக்கப்படியே எழுதிய முதல் வரைவைச் சென்ற வாரம் உங்கள் மேசையில் வைத்தோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "இது யாரப் பத்தி? இந்தம்மா தப்பே பண்ணாதவங்க போல இருக்கே. நான் பண்ணினதையும் எழுதுங்க. இல்லேன்னா மாலையை மட்டும் போட்டுட்டு எல்லாரும் சாப்பிடப் போயிடலாம்." அவ்வரைவை அங்கேயே கிழித்தோம். இப்போது வாசிக்கப்படுவது உங்கள் ஒப்புதல் பெற்ற உண்மை மடல்.

தண்குளிர்க் கலங்களின் தளரா உறவே!

1989ஆம் ஆண்டு நீங்கள் வந்து சேர்ந்தபோது இக்கூடத்தில் இருந்தவை ஓர் இன்குபேட்டர், ஒரு நுண்ணோக்கி, திரவ நைட்ரஜன் நிரம்பிய ஒரே ஒரு கலம். இன்று கலங்கள் பதினொன்று. அவற்றுள் உறையும் பல்லாயிரம் குப்பிகள் ஒவ்வொன்றிலும், யாரோ ஒருவரின் உடலிலிருந்து பிரிந்துவந்த உயிரணுக்கள் காலம் நின்றுபோன நிலையில் காத்திருக்கின்றன. நைட்ரஜன் ஆவியாகிக் குறைந்தால் அத்தனையும் அழியும். ஆதலால்தான் தனி மாநிலப் போராட்டத்தின் முழு அடைப்பு நாள்களில், பேருந்தும் ஆட்டோவும் ஓடாத சாலையில், நாச்சாரத்திலிருந்து நடந்தே வந்து கலங்களை நிரப்பினீர்கள். வழிமறித்த பல்கலைக்கழக மாணவர்களிடம், "நீங்க மாநிலம் கேளுங்க, யாரு வேண்டாம்னா? உள்ள இருக்குறதுங்களுக்கு பந்த்னா என்னன்னு தெரியாதுப்பா" என்றீர்கள். அம்மாணவர்களே உங்களை நிலையத்தின் வாயில்வரை கொண்டுவந்து விட்டுச் சென்றார்கள்.

எண்ணுக்குப் பெயர் மீட்ட ஏந்திழையே!

மனிதரை எண்ணாக்கிய பின்னரே உள்ளே அனுமதிப்பது ஆய்வுலகின் ஒழுங்கு. 1998இல், இந்நகரின் மருத்துவமனை ஒன்றில் இரத்தப் புற்றுநோயோடு கிடந்த ஏழு வயதுச் சிறுவனின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த சில துளிகள் உங்கள் கைக்கு வந்தன. சிறுவன் அவ்வாண்டே மறைந்தான். உயிரணுக்களோ உங்கள் பராமரிப்பில் பிழைத்தன, பெருகின, பெருகுவதை நிறுத்தவே இல்லை. பதிவேட்டில் 'எச்-41' என்று எழுதினீர்கள். நாடெங்கும் முப்பது ஆய்வகங்களுக்கு எச்-41 பயணமாயிற்று. புதிய மருந்துகள் முதலில் அதன்மீதே முயன்று பார்க்கப்பட்டன.

மூன்றாண்டு கழித்து, மகாளய அமாவாசைக்கு முந்தின நாள், ஜகித்தியாலிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்த ஒரு பெண் நம் வாயிலில் நின்றார். பீடி சுற்றிச் சுற்றி விரல்நுனிகள் கறுத்திருந்தன. காவலர் யாதகிரி வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.

"யாரப் பாக்கணும்மா?"

"என் பையன. சாயிலு. உள்ளதான் இருக்கான்."

"எந்த டிபார்ட்மென்ட்ல வேல?"

"வேலையா? ஏழு வயசுல செத்துட்டான்ய்யா. மூணு வருசம் ஆச்சு. அவன் ரத்தம் இங்க உயிரோட இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

விதிப்படி நீங்கள் அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். படியிறங்கி வந்தீர்கள். கனகவ்வா என்னும் அத்தாய்க்குத் தலையுறையும் காலுறையும் அணிவித்து, நுண்ணோக்கியின் முன் அமர்த்தினீர்கள். ஒளிவிளிம்போடு, வட்டவட்டமாய், கொத்துக்கொத்தாய் மிதந்தவற்றை அவர் இமைக்காமல் பார்த்தார்.

"அவன அடிச்சுப் போட்ட நோயில்லையா இது?"

"ஆமா கனகவ்வா. அந்த நோயோட செல்லுதான்."

"இருக்கட்டும் அக்கா. அவன் உடம்புல பொறந்ததுதானே. மிச்சம் இதுதான்னா இதத்தான் பாக்கணும்."

அன்றுமுதல் ஆண்டுதோறும் அதே நாளில் அவர் வந்தார். வெல்லமும் ரொட்டியும் பிசைந்த மலீதா உருண்டைகளை டப்பாவில் கொண்டுவந்தார். "உள்ள வெக்கக் கூடாதா?" என்பார். "கூடாது. குடு, அவன் பேருல நான் திங்கிறேன்" என்று வராந்தாவில் நின்றே தின்பீர்கள். 'யாரைக் காண வந்தார்' என்ற கட்டத்தில் யாதகிரி ஆண்டுதோறும் உங்கள் பெயரையே எழுதினார். இறந்தவர் பெயரை எழுத அப்பதிவேட்டில் இடமில்லை.

பழுதை மறைக்காத பண்பே!

ஈராண்டுக்கு முன், ஒருவரின் உடலிலிருந்து எடுத்து வழிவழியாய் வளர்த்து வெளியே அனுப்பும் ஒவ்வோர் உயிரணு வரிசையின் மரபணுக் கைரேகையையும் சரிபார்க்கும் நடைமுறை இங்கு வந்தது. ஆய்வு மாணவி ஃபரீதா எச்-41ஐச் சோதித்தார். நம்பாமல் மீண்டும் சோதித்தார். மூன்றாம் முறை சோதித்தபின் உங்களிடம் வந்து நின்றார். எச்-41 என்று நாம் வளர்த்துவந்தது சாயிலுவின் உயிரணுக்கள் அல்ல. கடல்கடந்த நாடொன்றில், பல பத்தாண்டுகளுக்கு முன், வேறொரு சிறுவனிடமிருந்து எடுக்கப்பட்டு உலகெங்கும் வளர்க்கப்படும் வரிசை அது. நம் கூடத்திலும் அது இருந்தது.

மூன்று நாள் பழைய ஏடுகளைப் புரட்டினீர்கள். 2003 மார்ச் மாதத்துப் பக்கமொன்றில் விடை கிடைத்தது. அன்று இரண்டு வரிசைகளுக்கும் ஒரே பாட்டில் வளர்ப்புக் கரைசலிலிருந்து அடுத்தடுத்து உணவூட்டியிருந்தீர்கள். ஒரு துளி தாவினால் போதும். விரைந்து வளர்வது மெல்ல வளர்வதைச் சில வாரங்களில் விழுங்கிவிடும். பணியாளர் கூட்டத்தில் எழுந்து நின்றீர்கள். "கையெழுத்து என்னோடது. பாட்டில பிடிச்ச கையும் என்னோடது. முப்பது லேபுக்கும் நானே லெட்டர் எழுதுறேன்."

"மேடம், அந்தக் காலத்துல எல்லா லேப்லயும் இது நடந்ததுதான்" என்றார் ஃபரீதா, ஆறுதலாக.

"எல்லா லேபுக்கும் கனகவ்வா வர்றாளா?" என்றீர்கள்.

கட்டுரைகள் திருத்தப்பட்டன, முடிவுகள் மறுபடி எடைபோடப்பட்டன. அறிவியல் தன் பிழையைத் திருத்திக்கொள்ளும் வழிகளை வகுத்து வைத்திருக்கிறது. ஒரு தாயின் பார்வையைத் திருத்தும் வழியை எந்தக் கையேடும் வகுத்ததில்லை. அமாவாசைக்கு முந்தின நாள் அவர் வந்தபோது, நுண்ணோக்கியிடம் அழைத்துச் செல்லாமல் சிற்றுண்டிச்சாலையில் அமர்த்தித் தேநீர் வாங்கிவைத்து, ஒரே மூச்சில் சொன்னீர்கள். அருகில் இருந்தோர் கேட்டவை இவை:

"மொதல் ரெண்டு தடவ பாத்தது?"

"அது அவன்தான். அதுக்கப்புறம் பாத்தது அவன் இல்ல."

"எனக்கு வித்தியாசமே தெரியலயே அக்கா. பெத்தவளுக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?"

"தினமும் பாக்குற எனக்கே தெரியல, உனக்கு எப்படித் தெரியும்?"

தேநீர் ஆடை கட்டியது. பிறகு கனகவ்வா கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு அம்மா இருக்காளா?"

"தெரியல."

"அவளுக்கு யாராச்சும் காட்டுறாங்களா?"

மறு ஆண்டு அவர் வரமாட்டார் என்றே எண்ணியிருந்தோம். அதே நாளில், அதே டப்பாவோடு வந்தார். "அந்தப் பையனக் காட்டு அக்கா. அவன் அம்மாவால அவ்வளவு தூரம் வர முடியாதில்ல" என்று அமர்ந்தார்.

ஆசையை அடக்கிய அருந்திறலே!

இவ்வாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் கலத்தை மாற்றியபோது, அடித்தட்டில், பட்டியலில் இல்லாத ஒரு குப்பி அகப்பட்டது. உறைபனியைத் துடைத்தீர்கள். உங்கள் கையெழுத்து: எச்-41, 2000. கலப்பு நேர்வதற்கு மூன்றாண்டு முன் உறையவைத்த ஐந்து குப்பிகளுள் ஐந்தாவது. எல்லாம் தீர்ந்ததென்று நாம் நம்பியிருந்தவற்றுள் எஞ்சிய ஒன்று. சாயிலு.

ஓய்வுக்கு முன் அதை உங்கள் கையாலேயே உருக்கி, உயிர்ப்பித்து, மீண்டும் அத்தாயின் கண்முன் நிறுத்த எவ்வளவு ஏங்கினீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஒரு மாதம் அக்கலத்தின் பக்கமாகவே நடந்தீர்கள். எங்களுக்கும் ஆவல்தான். இதோ மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் மதுசூதன் ஷர்மா அவர்களும் ஆவலுற்றவரே. அவர் அனுமதியோடுதான் இதை வாசிக்கிறோம்.

"தெறங்க வகுளாம்மா. நிலையத்தோட சாம்பிள்தானே? யாரக் கேக்கணும்?" என்றார் அவர்.

"அவளக் கேக்கணும்."

"அப்பவே ஃபார்ம்ல சம்மதம் வாங்கியிருக்கோமே."

"கைநாட்டு இருக்கு சார். புள்ளைக்கு ஊசி போடத்தான்னு நெனச்சு வெச்ச கைநாட்டு."

நீங்கள் ஜகித்தியால் பேருந்தில் ஏறினீர்கள். ஃபரீதாவும் உடன் வந்தார். பீடியிலை நறுக்கிக்கொண்டிருந்த கனகவ்வாவின் எதிரே தரையில் அமர்ந்து, ஒன்றையும் மறைக்காமல் எடுத்துரைத்தீர்கள்.

"ஒண்ணுதான் இருக்கு. தெறந்தா பொழைக்கலாம், பொழைக்காமலும் போகலாம். பொழைச்சா நீ மறுபடி அவனப் பாக்கலாம். இல்லேன்னா அதோட முடிஞ்சுது."

"தெறந்தா மத்த புள்ளைங்களுக்கு எதாச்சும் மருந்து கெடைக்குமா?"

"பொய் சொல்ல மாட்டேன். இதவிட நல்ல வழியெல்லாம் இப்ப வந்துருச்சு."

"உனக்குத் தெறக்கணும்னு ஆசையா இருக்கா?"

"ரொம்ப."

"எனக்கும்தான்."

இரண்டு பீடிகளைச் சுற்றி நூல் கட்டியபின் அவர் தொடர்ந்தார்: "ஆஸ்பத்திரில ஒவ்வொரு தடவையும், குத்திப் பாக்கலாமா, எடுத்துப் பாக்கலாமான்னு கேட்டாங்க. சரி சரின்னு தலையாட்டினேன். அவன் என் மூஞ்சியவே பாத்துட்டுப் படுத்திருந்தான். வேண்டாம்னு சொல்ல ஒரு தடவகூட எனக்கு வாய் வரல. இப்ப சொல்றேன் அக்கா. வேண்டாம். அவன் இருக்குற எடத்துல அப்படியே இருக்கட்டும்."

ஃபரீதாவோடு ஊர் திரும்பினீர்கள். மறுநாள் பதிவேட்டைத் திறந்து எழுதினீர்கள்: 'தாயைக் கேட்டேன். வேண்டாம் என்றார். இக்குப்பியைத் திறக்கலாகாது.' இயக்குநர் அதை இருமுறை படித்து, அதன் கீழே தாமும் ஒப்பமிட்டார். அதே வாரம் நம் ஒப்புதல் படிவத்தில் புதிய வரியொன்று சேர்ந்தது: 'பின்னாளில் யாரைக் கேட்க வேண்டும்?' இனி இந்நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு துளிக் குருதியோடும் ஒரு மனிதரின் பெயரும் முகவரியும் வரும். முப்பத்தைந்து ஆண்டுகளில் நீங்கள் வளர்த்தவற்றுள் எங்களுக்கென விட்டுச்செல்லும் செல்வம் அவ்வரியே என்போம்.

ஆயினும் அம்மையீர், ஆறாத ஒன்றையும் அறிவோம். காணலாம் என்றிருந்தும் காணாமல் விடுவது எளிதன்று. பெற்றவர் விழைந்தும் விலகினார். வளர்த்தவர் வல்லவராயிருந்தும் வாளாவிருந்தார். இடையே, கைக்கெட்டும் தொலைவில், கட்டைவிரலளவுக் குப்பி ஒன்று குளிருக்குள் கிடக்கிறது. கிட்டியும் எட்டாமல் நிற்கும் இதற்கு நுண்ணோக்கியும் விடை சொல்லாது, நூலறிவும் விடை சொல்லாது. நாங்கள் சொல்லக்கூடியது, அது அங்கே இருக்கும் என்பது மட்டுமே.

இன்று முன்வரிசையில் கனகவ்வா அமர்ந்திருக்கிறார். காலையில் வாயிலில் உங்களைக் கண்டதும் அவர் சொன்னதை யாதகிரி எங்களுக்குச் சொன்னார்: "இன்னியோட உன் கழுத்துக் கார்டு போச்சா அக்கா? இனிமே நீயும் என்னாட்டம் கேட்டுல நின்னு, பேரு எழுதிட்டுத்தான் உள்ள வரணும்!" சிரித்தீர்களாம். சிரித்துக்கொண்டே கை தானாகக் கழுத்துக்குப் போய் அவ்வட்டையைப் பற்றிக்கொண்டதாம். வெகுநேரம் விடவில்லையாம்.

ஆதலால் எங்கள் வாழ்த்தை உங்கள் தேவைக்கேற்ப வகுத்துச் சொல்கிறோம். நாச்சாரத்திலிருந்து நடந்துவரும் நலம் முழங்கால்களில் நிலைக்கட்டும்! உறைபனியை ஊடுருவிய கண்களில் ஒளி குன்றாதிருக்கட்டும்! ஒவ்வொரு மகாளய அமாவாசைக்கும் முந்தின நாள், மலீதா டப்பாவோடு வரும் தோழியின் தோள்பற்றி எம் வாயிலில் வந்து நிற்கும் வலிமை உங்கள் இருவருக்கும் நெடுங்காலம் வாய்க்கட்டும்! இரண்டாம் கலத்தை நிரப்பும் பொறுப்பை ஃபரீதா ஏற்றுக்கொண்டார். அந்நாளில் அதன் மூடி உங்களுக்காகத் திறக்கப்படும். வெண்ணிற ஆவி எழும். அதற்குமேல் எதையும் காண முடியாது. ஆனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

வருகைப் பதிவேட்டில், 'யாரைக் காண வந்தார்' என்ற கட்டத்தில் அன்று என்ன எழுத வேண்டும் என்று யாதகிரியிடமும் சொல்லிவிட்டோம். 'சாயிலு' என்றே எழுதலாம்.

கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "மொத நாளே அந்தம்மா அதத்தானேய்யா சொன்னாங்க?"

என்றும் உங்கள் அன்பில்,
வளர்ப்புக் கூடத்தார், ஆய்வு மாணவர், அலுவலர், வாயிற்காவலர்
உயிரணு ஆய்வு நிலையம், தார்நாக்கா, ஐதராபாத்
31 ஜூலை 2024