கட்டியை அளந்தவன்

சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூட யாரிடமும் சொல்லத் துணியாத ஆள் நான். தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். நீங்கள் நினைக்கிற மாதிரி நெஞ்சழுத்தக்காரன் இல்லை, பயந்துபோய்த்தான் செய்தேன்.

உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய் வந்தவர்களுக்குப் புது மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வு அது. இருட்டறையில் உட்கார்ந்து, ஸ்கேன் படத்தில் கட்டியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குக் கோடு இழுத்து அளப்பது என் வேலை. கோடு குறைந்தால் மருந்து கேட்கிறது என்று பொருள். கூடினால் அந்த ஆளை ஆய்விலிருந்து எடுத்து வேறு சிகிச்சைக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதே மருந்தில் என் அக்காவும் இருந்தாள். அவள் என் உடன்பிறந்தவள் என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். காதுக்குக் கீழே தொட்டுக் காட்டி, "இது போயிடுமாடா?" என்று கேட்டாள். "போயிடும்க்கா" என்றேன். அவளுக்கு வேறு மருந்து எதுவும் மிச்சமில்லை.

ஒருநாள் தலைமை மருத்துவர் சொன்னார்: "நிறைய பேருக்கு மருந்து கேக்கல. இன்னும் ஒருத்தருக்கு வளந்தாலும் மொத்தமா நிறுத்திடலாம்." நிறுத்தினால் அக்காவுக்கும் நின்றுவிடும்.

அடுத்துத் திறந்தது ஒரு பேருந்து ஓட்டுநரின் படம். கட்டி முக நரம்பைப் பிடித்துவிட்டதால் அவருக்கு வாய் கோணியிருந்தது. அதற்கும் வேடிக்கை பேசுவார். "ஒரு பக்கம்தான் சிரிக்குது டாக்டர். எம் பொண்டாட்டி சிரிக்காத பக்கமா பாத்து நின்னு திட்டறா." நல்ல மனிதர். கட்டி நன்றாகவே வளர்ந்திருந்தது. நான் கோட்டைக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினேன். கத்தியை எடுத்தேனா, விஷம் வைத்தேனா?

பிறகு அவர் நுரையீரலில் புள்ளிகள் வந்தன, புற்று பரவியிருந்தது. பழைய சளியின் தழும்பு என்று எழுதினேன். அவரை முதலிலேயே வெளியே அனுப்பியிருந்தால் கதிர்வீச்சாவது கொடுத்திருப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. தாழ்வாரத்தில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"மூச்சு வாங்குது டாக்டர். மருந்து வேலை செய்யுதுல்ல?"

"செய்யுது. தைரியமா இருங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் இறந்த பிறகு மனைவி வந்தாள். "கடைசிவரைக்கும் உங்களத்தான் நம்பினாரு" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மருந்து நிற்கவில்லையே. வேறு சிலருடைய படங்களிலும் அப்படியே செய்தேன். பழகிவிட்டால் கை தானாகவே நின்றுவிடுகிறது.

ஆம், ஓட்டுநரும் மற்றவர்களும் செத்ததற்கு நான்தான் காரணம். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் விசாரணைக்கு நீங்கள் அழைத்து வந்த மருத்துவர் அக்காவின் படங்களையும் திரும்ப அளந்தாராம். அவளுக்கும் ஆரம்பத்திலிருந்தே வளர்ந்துகொண்டுதான் இருந்தது என்கிறார். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவசரத்தில் தப்பாக அளந்திருப்பார். அக்காவின் படத்தை ஒருமுறைகூட நான் வேறு யாரிடமும் விட்டதில்லை. நானே உட்கார்ந்து அளந்தேன். ஒவ்வொரு தடவையும் சுருங்கித்தான் இருந்தது.