ஈரம் காயாத போர்வை

மூத்தவள்: இந்த மண்வெட்டியைக் குடுக்கத்தான் வந்தேன். வச்சுட்டுக் கிளம்பறேன்.

இளையவள்: நாலு வருஷம் கழிச்சா? ரெண்டு பஸ் மாறியா?

மூத்தவள்: பின்ன? தனிக்குடித்தனம் போறப்ப அண்ணி மண்வெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு உன் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்றதுக்கா?

இளையவள்: அவர் அதைச் சொல்லி முடிச்சே மூணு வருஷம் ஆச்சுக்கா. உட்காருங்க.

மூத்தவள்: பின்னாடி குழாய்ல கை கழுவிட்டு வந்துடறேன்...

இளையவள்: வேண்டாம்! இங்கயே கழுவுங்க. பின்னாடி... துணி காயுது.

மூத்தவள்: துணி காய்ஞ்சா குழாய்ல தண்ணி வராதா?

இளையவள்: போர்வைக்கா. பெரிய போர்வை. இன்னும் சொட்டிட்டு இருக்கு.

மூத்தவள்: சரி, சரி... என் ஃப்ளாக்ஸ் பூச்செடி இருந்த இடம் இன்னும் சும்மாதான் கிடக்கா?

இளையவள்: நீங்கதான் வேரோட தோண்டி எடுத்துட்டுப் போயிட்டீங்களே. முழங்கால் ஆழத்துக்குக் குழி. நானே ஒரு தடவை அதுல விழுந்தேன்.

மூத்தவள்: நீ பண்ணது மட்டும் என்னவாம்? தினமும் ஹோஸ் பைப்பைப் பிடிச்சு இலை மேலயே பீய்ச்சி அடிச்ச. மாவு தூவின மாதிரி இலையெல்லாம் வெள்ளை வெள்ளையா நோய். அடியில ஊத்து, அடியில ஊத்துன்னு எத்தனை தடவை சொன்னேன்...

இளையவள்: சொல்லலை, கத்தினீங்க. அதுவும் எங்க அம்மா வந்திருந்தப்ப.

மூத்தவள்: உங்க அம்மா... இப்ப எப்படி இருக்காங்க?

இளையவள்: விடுங்க. செடி அங்க எப்படி இருக்கு?

மூத்தவள்: அதுக்கென்ன! இடுப்பு உயரத்துக்கு நிக்குது. போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுப் போறாங்க.

இளையவள்: அப்படியா... மண்வெட்டி ஏன் இப்படித் துருப்பிடிச்சுக் கிடக்கு?

மூத்தவள்: மழையில நனைஞ்சுது.

இளையவள்: நாலு வருஷமும் மழையா?

மூத்தவள்: போலீஸ்காரி மாதிரி குடையாத. ஆமா... என்ன வாசனை இது?

இளையவள்: சோப்பு. போர்வைக்குப் போட்ட சோப்பு.

மூத்தவள்: சோப்பா? நகரு.

இளையவள்: அக்கா, இன்னும் ஈரம் காயலை...

மூத்தவள்: நகருடி... அடிப்பாவி! போர்வையில சொட்டு ஈரம் இல்லை. பின்னால இத்தனை பூவா! அதே வெள்ளை. நடுவுல அதே ரோஸ் பொட்டு. விதை விழுந்து முளைச்சிருந்தா நிறம் மாறியிருக்குமே...

இளையவள்: விதை இல்ல. நீங்க தோண்டுனப்ப உள்ள விட்டுப்போன வேர்த்துண்டு. மறு வருஷமே துளிர் விட்டுடுச்சு.

மூத்தவள்: அதை என்கிட்ட எதுக்கு மறைச்ச?

இளையவள்: ஜன்னல் வழியா பாத்தேன்... நீங்க கேட்டைத் திறந்துட்டு வர்றீங்க, கையில மண்வெட்டி. மிச்சத்தையும் தோண்ட வந்துட்டீங்கன்னு நினைச்சு, கட்டில்ல இருந்த போர்வையை உருவிக் கொடியில போட்டுட்டேன்.

மூத்தவள்: நல்லா நினைச்ச போ! ஆனா இலையில பொட்டு வெள்ளை இல்லையே. எப்படி?

இளையவள்: தண்ணி இப்ப அடியிலதான் ஊத்தறேன். ஒரு குத்துச் செடிக்கு அஞ்சு தண்டு விட்டுட்டு மிச்சத்தை நறுக்கிடுவேன், காத்து போகட்டும்னு. போன வருஷம் குத்தை மூணாப் பிரிச்சு நட்டேன். நெருக்கமா வளர்ந்தாலும் அந்த நோய் வருமாம்.

மூத்தவள்: ஏழு வருஷம் பிரிச்சு நடாம வச்சிருந்தது நான்தானே... பாவம், உன் ஹோஸ் பைப்பைப் போய்த் திட்டினேன்.

இளையவள்: என்னையும்தான்.

மூத்தவள்: உன்னையும்தான்.

இளையவள்: சரி, தோண்ட வரலைன்னா எதுக்குக்கா வந்தீங்க? உங்ககிட்டதான் இடுப்பு உயரத்துக்கு நிக்குதே.

மூத்தவள்: எங்கடி நிக்குது? அங்க கொண்டு போய் நட்ட முதல் மாசமே பட்டுப்போச்சு. நான் பண்ணது தப்புன்னு உன்கிட்ட சொல்லணும்னு நாலு வருஷமா நினைக்கறேன்... வெறுங்கையோட வந்தா நீ கதவைத் திறப்பியோ மாட்டியோன்னு பயந்துதான் இந்த மண்வெட்டியை எடுத்துட்டு வந்தேன்.