இரண்டாவது அம்பு

வில்லுக்குக் குறிகாட்டி வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது விலையைப் பற்றி அல்ல, கண்ணைப் பற்றி. நாற்பதைத் தாண்டிய பலர் கண்ணாடியைச் சட்டைப்பையில் ஒளித்து வைத்துக்கொண்டு வீறாப்பாக வந்து நிற்பார்கள். அவர்களிடம் ஒவ்வொரு தூரத்துக்கும் ஒன்றாக ஐந்து ஊசி வைத்த குறிகாட்டியைக் கொடுத்தால், விடிகாலை மங்கலில் ஐந்தும் ஒன்றோடொன்று குழம்பி, எந்த ஊசியை மான்மேல் வைப்பது என்று தெரியாமல் தடுமாறுவார்கள். ஆளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மான்தான் பாவம். தப்பான இடத்தில் பட்ட அம்போடு அது நாள் முழுக்க அலைய வேண்டும்.

ஹார்லனுக்கும் அப்படி யோசித்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

இந்த விசாரணையில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. உறைந்த ஏரியின்மேல் செத்துக் கிடந்த மானின் உடம்பில் இரண்டு காயங்கள் இருந்தன. ஒன்று வயிற்றில். இன்னொன்று நெஞ்சில், நூல் பிடித்தாற்போல். வயிற்றில் அடித்தது ஹார்லன் என்றால், அவன் தண்ணீருக்குள் போன பிறகு நெஞ்சில் அடித்தது யார்? பதில் சொல்கிறேன். ஆனால் முன்கதை தெரியாமல் அதை மட்டும் கேட்டால் என்னைத் தவறாக நினைத்துவிடுவீர்கள்.

ஹார்லன் என் மனைவி ஜோலீனின் தம்பி. மில்வாக்கியில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. என் மாமனார் எமில் இந்த வசந்தத்தில் இறந்தபோது ஊருக்குள் இருந்த வீட்டை மகளுக்கும், காட்டையும் ஏரிக்கரையையும் மகனுக்கும் எழுதி வைத்திருந்தார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கல்யாணமான வருடத்திலிருந்து அந்தக் காட்டில் வேட்டையாடுகிறவன் நான். சரிவில் நிற்கும் பெரிய ஓக் மரத்தில் பரண் கட்டியது நான். எந்த மான் எந்தக் காலை இழுத்து நடக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். காகிதத்தில் யார் பெயர் இருந்தால் என்ன என்றுதான் இருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் ஹார்லன் என் வில் கடைக்கு வந்தான். வாசலில் இருந்தே பேச ஆரம்பித்துவிட்டான்.

"மச்சான், எடத்தை விக்கப் போறேன். சிகாகோக்காரன் ஒருத்தன் கேக்குறான். கோடைக்கு வந்து தங்க வீடு கட்டப் போறானாம்."

"மரமெல்லாம்?"

"அவனுக்கு வீட்ல இருந்தே தண்ணி தெரியணுமாம். சரிவுல நிக்கறதை எடுத்துடுவான்."

"ஓக் மரத்தையுமா?"

"அட, மரம்தானே மச்சான். வேற மரத்துல ஏறிக்க. இல்ல, ஏறாமயே இரு. இந்த வயசுல உன்னைய ஏத்தி எறக்கறதுக்குள்ள அக்காவுக்கு உசுரு போகுது."

கடையில் இருந்த இன்னொருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஹார்லன் கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் அதிகம். அவனுக்குக் குடும்பம் கிடையாது என்பதையும், அவனுக்குப் பிறகு எல்லாம் ஜோலீனுக்கு வரும் என்பதையும் நீங்கள் எப்படியும் கண்டுபிடித்திருப்பீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்காக நான் எதையும் செய்யவில்லை. நாலு நாள் தங்கிப்போக வருகிறவர்களுக்கு அந்த மான்களின் தடம் தெரியாது. ரோடு போடுவார்கள், விளக்குப் போடுவார்கள். யாராவது ஒருவர் அந்தப் பிராணிகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

விற்பனைக்குக் கையெழுத்துப் போடுமுன் ஹார்லன் அப்பா நினைவாக ஒரு கடைசி வேட்டை போக வேண்டும் என்று ஆசைப்பட்டான். பழைய வில்லுக்குப் புதுக் குறிகாட்டி கேட்டான். அலுவலகத்தில் யாரோ வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு ஐந்து ஊசி வைத்ததுதான் வேண்டும் என்று அடம்பிடித்தான்.

"உனக்கு அது சரிப்படாதுடா. இதைப் பாரு."

நான் எடுத்துக் கொடுத்தது ஒற்றை ஊசி. வட்ட வளையத்துக்குள் பச்சையாக மினுங்கும் ஒரே புள்ளி. தூரத்துக்குத் தகுந்தபடி ஊசியை ஏற்றி இறக்கக் கீழே ஒரு சக்கரம். இடம் வலமாக நகர்த்தப் பக்கத்தில் ஒரு திருகு. மற்றவற்றில் இந்தத் திருகை அசைக்கச் சாவி வேண்டும், நேரம் வேண்டும். இதில் இரண்டு விரல் போதும், கையுறையைக்கூடக் கழற்ற வேண்டாம். சத்தமும் வராது. பல நிறுவனங்களின் சரக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை முடிவு செய்தேன்.

அவனும் திருகைத் தொட்டுப் பார்த்தான். "ரொம்ப லேசா இருக்கே மச்சான். காட்டுல தானா திரும்பிக்காதா?"

"தானா திரும்பாது," என்றேன். அது உண்மை.

செப்டம்பர் முழுவதும் சனிக்கிழமைகளில் கடையின் பின்பக்கம் பழகினான். நன்றாகவே அடித்தான். எமிலின் கை அவனுக்கு அப்படியே இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். இருபத்தைந்து கெஜத்தில் அட்டையில் வரைந்த மானின் நெஞ்சில் அம்பு மேல் அம்பாகப் போட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வை சின்னப் பிள்ளையுடையது. எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஏரி உறையுமுன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. அந்தக் கரையோரம் தண்ணீருக்கு அடியில் ஓர் ஊற்று இருக்கிறது. மற்ற இடமெல்லாம் உறைந்தாலும் அதன்மேல் மட்டும் பனிக்கட்டி பாலாடை மாதிரி மெல்லிசாகத்தான் நிற்கும். மேலே பனி விழுந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. எமில் வருடா வருடம் படகில் போய் அந்த இடத்தில் சிவப்புத் துணி கட்டிய ஒரு கம்பை ஊன்றி வைப்பார். கம்பை விட்டு விலகிப் போக வேண்டும் என்பது அந்த வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகியது. அவர் போன பிறகு அந்த வேலை என்னுடையது. இந்த வருடமும் கம்பை ஊன்றினேன். எங்கே என்பதைப் பிறகு சொல்கிறேன்.

டிசம்பரில் துப்பாக்கி வேட்டைக்கான நாட்கள் முடிந்து, துப்பாக்கிக்காரர்கள் ஊருக்குப் போய்க் காடு அடங்கிய பிறகு ஹார்லன் வந்தான். வெள்ளிக்கிழமை நாணுக்கு மெழுகு போட வேண்டும் என்று சொல்லி அவன் வில்லைக் கடையில் வைத்துக்கொண்டேன். மெழுகும் போட்டேன். பிறகு அந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பினேன். ஊசி நகர்ந்தது ஓர் அரிசியின் நீளம்கூட இருக்காது. ஆனால் பரணிலிருந்து மான் வரும் இடத்தில் அது ஒரு சாண் ஆகிவிடும். காலையில் மக்காச்சோளக் கொல்லையில் மேய்ந்துவிட்டு வரும் மான்கள் அந்தப் பரணை எப்போதும் வலமிருந்து இடமாகத்தான் தாண்டும். அம்பு ஒரு சாண் வலப்பக்கம் போனால் நெஞ்சில் படாது, வயிற்றில் படும்.

நீங்களும் வில் பிடிக்கிறவர், இது உங்களுக்குத் தெரியும். நெஞ்சில் பட்ட மான் கொஞ்ச தூரத்தில் விழுந்துவிடும். வயிற்றில் பட்டது அரை நாள் உயிரோடு இருக்கும், உள்ளே எரிச்சல் தாங்காமல் தண்ணீரைத் தேடிப் போகும். அதைத் துரத்தக் கூடாது. விட்டுவிட வேண்டும். யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் ஓரிடத்தில் படுத்து அமைதியாக அடங்கிவிடும். காத்திருக்க முடியாத நாள் ஒன்றுதான், பனி விழப்போகிற நாள். ரத்தத் தடத்தைப் பனி மூடிவிட்டால் மானை அப்புறம் கண்டுபிடிக்க முடியாது. சனிக்கிழமை மதியத்துக்குள் பெரிய பனி வரும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள்.

அடித்த மானைத் தேடாமல் வீட்டுக்குப் போகிறவன் அல்ல எமிலின் மகன். அவனுடைய அந்த நல்ல குணத்தைத்தான் நான் நம்பியிருந்தேன்.

நான் ரோட்டோரம் வண்டியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். விடிந்து கொஞ்ச நேரத்தில் அவன் முகம் வெளுத்துப் பரணிலிருந்து இறங்கி வந்தான்.

"மச்சான், பின்னாடி பட்டுடுச்சு. வயித்துல. எப்படின்னே தெரியல. நெஞ்சுலதான் வெச்சேன்."

"கொஞ்சம் பொறு. அதுவே படுத்துக்கும்."

"எப்படிப் பொறுக்கறது? மேல பாரு, மூடிக்கிட்டு வருது. அது எங்கயாவது கெடந்து சாகும். அப்பா இருந்தா என்னைய உரிச்சிருப்பாரு."

"அப்ப நீ தடம் பிடிச்சுப் போ. நான் பின்னால வர்றேன்."

காத்திருக்கச் சொன்னது நான்தான் என்பதைக் கவனியுங்கள்.

தடம் சரிவில் இறங்கி நேராக ஏரிக்குப் போயிற்று. நான் புதர்ப் பக்கமாக வந்தேன். மான் பனிக்கட்டிமேல் போய், எழுந்திருக்க முடியாமல் தலையை மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. ஹார்லன் கரையில் நின்று இன்னோர் அம்பு விட்டான். அதுவும் வலப்பக்கம் விலகிப் பனிக்கட்டியில் சறுக்கிப் போய்விட்டது. அவன் குறிகாட்டியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். ஒன்றும் புரிந்திருக்காது. வில்லை ஒரு மரத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் கத்தியை உருவிக்கொண்டு ஏரியில் கால் வைத்தான். சிவப்புத் துணிக் கம்பைப் பார்த்தான். அப்பா சொல்லிக்கொடுத்தபடி அதை நன்றாக விலகிச் சுற்றிப் போனான்.

கம்பை நான் ஊன்றியிருந்தது கெட்டியான இடத்தில். அதை விலகிப் போகிறவன் ஊற்றின்மேல்தான் போக வேண்டும்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கதவைச் சாத்தினாற்போல் ஒன்று கேட்டது, அவ்வளவுதான். மானைத் தாங்கிய பனிக்கட்டி அவனைத் தாங்கவில்லை. தலையும் கைகளும் மேலே வந்தன. விளிம்பைப் பிடித்தால் அது உடைந்தது. நான் மரத்தடிக்கு வந்ததும் என்னைப் பார்த்துவிட்டான்.

"மச்சான், கயிறு. வண்டில கயிறு இருக்கு மச்சான்."

இருந்தது. நானே சுருட்டி வைத்த நல்ல கயிறு. ஆனால் இந்த மாதிரி நேரத்தில் அவசரப்படுவது தப்பு என்பது என் அனுபவம். தொந்தரவு செய்யாமல் விட்டால் கஷ்டம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அவன்தான் கத்திக்கொண்டு, கையைக் காலை அடித்துக்கொண்டு தன்னை வருத்திக்கொண்டான்.

என்னால் தாங்க முடியாமல் போனது மானைப் பார்த்துத்தான். அது இன்னும் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது, வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அது யாருக்கு என்ன செய்தது? நான் ஹார்லனின் வில்லை எடுத்தேன். குறி தப்பிய வில்லால் ஓர் உயிரை அடிக்க எனக்கு மனம் வராது. அதனால் முதலில் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். கையுறையைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. பிறகு சக்கரத்தைச் சுழற்றித் தூரத்தை வைத்தேன். அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தான். அப்போது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு அவன் மச்சான் என்று கூப்பிடவில்லை, அக்கா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். அம்பு அவன் தலைக்கு மேலே போய் மானின் நெஞ்சில் பட்டது. அது தலையை இறக்கிவிட்டது. நல்ல குறிகாட்டி, நான் சொன்னேன் அல்லவா.

உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். இரண்டாவது அம்பு என்னுடையது. வில்லைக் கரையில் வைத்துவிட்டு உருவிய கத்தியோடு போகிறவன் உயிருள்ள மானிடம்தான் போவான், உங்களுக்குச் சந்தேகம் வந்ததும் அதனால்தான் இருக்கும். மானை அப்படியே விட்டிருந்தால், தவறி ஏரியில் விழுந்தான் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள், நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். தெரிந்துதான் அடித்தேன்.

பிறகு பனி விழ ஆரம்பித்தது. வில்லை அவன் வைத்த மரத்திலேயே சாய்த்துவிட்டுக் கரையில் ஒரு கல்லைத் துடைத்து உட்கார்ந்தேன். அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டு வந்தது. குளிர் எனக்கும் இருந்தது, வண்டியில் காபியும் மிச்சம் இருந்தது. ஆனாலும் நான் எழுந்து போகவில்லை. அவன் சத்தம் முழுதாக நிற்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். அவள் தம்பியைக் கடைசி நேரத்தில் நான் தனியாக விட்டுவிடவில்லை என்பதை மட்டும் ஜோலீனிடம் சொல்லிவிடுங்கள்.